பேசத் தேவையில்லாத பள்ளி

ஏப்ரல் 8, திங்கள்

பிரகதியை ஆன்லைன் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ப்பதென்று இன்று காலை டிபன் சாப்பிடும்போது முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் பிரகதியும் அவள் அம்மா கோகிலவாணியும். நான் சட்னி எடுக்க உள்ளே போயிருந்தேன்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆறு வருடமாக வீட்டிலேயே நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பம்பு கம்பெனிகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது என் தொழில், வீட்டிலிருந்தே செய்யலாம். பள்ளி தூரம் என்பதால் நிறுத்தினோம் என்று கேட்பவர்களிடம் சொல்வது வழக்கம். பள்ளி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. இருந்தாலும் ரோட்டைக் கடக்க வேண்டும்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. பத்தாவது பொதுத்தேர்வு எழுதுவதென்றால் ஒன்பதாவதிலேயே எங்காவது முறையாகச் சேர்ந்துவிடுவது நல்லது என்கிறாள் கோகிலா. "அவளே கேக்கறாளுங்க. வேண்டாங்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குது?" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்தப் பள்ளி என்பதை நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எதையும் சோதித்துப் பார்க்காமல் மாட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிரகதி ஏதோ சொல்ல வந்தாள். "அப்பா, எனக்கு வந்து ப... ப..."

"பயமா இருக்குதா கண்ணு? அப்பா பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆன்லைன் பள்ளிகளைப் பட்டியலிடும் ஓர் இணையதளத்தில் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். வந்த அழைப்புகளில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 12, வெள்ளி

சென்னைப் பள்ளி ஒன்றின் மாதிரி வகுப்பு. பிரகதி கணினி முன் உட்கார்ந்தாள். நான் கேமராவில் விழாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஒன்றை எழுதிவைப்பது நல்லது. பிரகதி யோசித்துப் பேசுகிறவள். ப, ம, க, ச போன்ற சில எழுத்துகளில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள். அவசரக்காரர்களுக்கு அது தாமதமாகத் தெரியும். எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்த, அவள் தொடங்கும் வாக்கியத்தை நான் முடித்துவைப்பேன். எங்களுக்குள் இது நல்ல ஏற்பாடு.

ஆசிரியை, அழுத்தம் என்றால் என்ன என்று கேட்டார். பிரகதி "அழுத்தம்ங்கறது ப... ப..." என்று ஆரம்பித்தாள். பரப்பளவுதான் என்று தெரிந்ததால் நான் முடித்துவைத்தேன். அப்படியே ஆழ்குழாய்க் கிணற்றில் அழுத்தம் எப்படி மாறும் என்பதையும் தொட்டுவிட்டு, நீர்மூழ்கி மோட்டாருக்கு வந்தேன். ஆசிரியை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பிரகதி, உங்க வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு, ஜலதோஷமா?" என்று கேட்டார்.

மாலையில் அறிக்கை வந்தது. மாணவிக்கு மோட்டார் பம்புகளில் ஆழ்ந்த அனுபவம் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். பிரகதியிடம் காட்டினேன். அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். பலாச்சுளை நன்றாக இருந்தது. பள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். ஹைதராபாத்தில் இருக்கிறது. பாடமெல்லாம் முன்பே பதிவு செய்த வீடியோ. சந்தேகம் வந்தால் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும், மறுநாள் பதில் வரும். நேரடி வகுப்பு கிடையாது, கேமரா கிடையாது, மைக் கிடையாது.

சேர்க்கைப் பிரிவில் பேசிய பெண் நல்ல தமிழ் பேசினார். மாணவர்கள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டிய கட்டம் எங்காவது வருமா என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "அந்த ஃபெசிலிட்டி இப்போதைக்கு எங்ககிட்ட இல்லை சார்" என்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தப்பட வேண்டாம் என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

தொண்டைக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது என்று வீட்டில் சொன்னேன். கண்ணுக்கு எப்படி என்று கோகிலா கேட்டாள். நாளை யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

பக்கத்து அறையில் இருந்துகொண்டே பிரகதி என் வாட்ஸாப்புக்கு ஓர் இணைப்பு அனுப்பினாள். பெங்களூரில் இருந்து நடக்கும் ஒரு பள்ளி. அவளே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாமே நேரடி வகுப்புகள். கேமரா போட்டுத்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் விவாத வகுப்பு, ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் பேச வேண்டும். கட்டாயம் என்பதைச் சிவப்பு எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் என் கருத்துகளைச் சொன்னேன். நேரடி வகுப்பு என்றால் நடுவில் கரண்ட் போனால் சிரமம் என்றேன். கோகிலா மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். எங்கள் வடவள்ளிப் பகுதி அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னோட ஏரியாவுல கரண்ட் போகுதுங்கறீங்களா?" என்றாள். அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பெங்களூர் குளிர் ஊர், பிரகதிக்குச் சளி பிடிக்கும் என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பெங்களூர் பள்ளி ஒரு தகுதித் தேர்வு வைத்தது. எழுத்துத் தேர்வு என்பதால் நான் தடுக்கவில்லை. இன்று முடிவு வந்தது.

இயற்பியலில் பாலிடெக்னிக் மாணவர் அளவுக்கு இருக்கிறாளாம். கணக்கு நன்று. தமிழ் நன்று. வரலாற்றில் பல்லவர் காலம் வரை மிக வலுவாக இருக்கிறாள், அதன் பிறகு எதுவும் இல்லை என்று குறிப்பிட்டிருந்தார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்தது பற்றி மாணவிக்கு விரைவில் சொல்வது நலம் என்று கீழே ஒரு வரி.

மகாபலிபுரத்தில் நாங்கள் கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டோம் என்பது உண்மைதான். சோழர்களை இந்த வருடம் எடுக்கலாம் என்றிருந்தேன்.

மே 3, வெள்ளி

சாயங்காலம் பிரகதி என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் டிராயிங்கைச் சுருட்டி வைத்துவிட்டு முழுக் கவனத்தோடு கேட்டேன்.

"அப்பா, நீங்க பாக்கற ஸ்கூல்ல எல்லாம் பே... பே..."

"பேஜ் ஓப்பன் ஆக மாட்டேங்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி "பே..." என்றாள். பேனா, பேப்பர், பேட்டரி என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் வெள்ளைப் பலகைக்குப் போய், பம்பு படத்தை அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்.

"பேசவே வேண்டாம். எனக்குப் பேசணும்."

கையெழுத்து நன்றாக இருந்தது. வர வர எழுத்து உருண்டு வருகிறது.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அதனால் சீக்கிரம் வேலை முடிந்தது.

மே 4, சனி

கோகிலா பழைய கதையை எடுத்தாள். இரண்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் பிரகதிக்கு வரவேற்புரை கொடுத்திருந்தார்கள். "பெரியோர்களே" என்ற சொல்லில் நின்றுவிட்டாள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, அரங்கமே சிரித்தது. நான் மேடையேறி மைக்கை வாங்கி, "பெரியோர்களே, தாய்மார்களே, வருக வருக" என்று மிச்சத்தை வாசித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தோடு பள்ளி நின்றது.

"இன்னும் ரெண்டு வரிதானுங்க இருந்துது. அவளே சொல்லியிருப்பா" என்றாள் கோகிலா.

அன்று அரங்கத்தில் புழுக்கம் அதிகம். குழந்தையை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும்?

மே 11, சனி

பெங்களூர் பள்ளியின் நேர்காணல். இதற்கு நான் ஒத்துக்கொண்டேனா என்று நினைவில்லை. கோகிலா நேரம் வாங்கியிருந்தாள்.

மெர்சி என்ற ஆசிரியை வந்தார். நாகர்கோவில் பக்கம். முதலில் பெற்றோரிடம் பேசினார். மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நான் முடித்தபோது கோகிலா தேநீர் போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தாள். பிறகு, பிரகதியோடு தனியாகப் பேச வேண்டும், நாங்கள் இருவரும் வெளியே இருக்க முடியுமா என்று ஆசிரியை கேட்டார்.

தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் கதவருகே சற்று நிற்க நேர்ந்தது. கோகிலாவுக்கும் அதே நேரத்தில் தாகம் எடுத்திருக்கிறது.

வீட்டில் ஏதாவது ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய் என்று ஆசிரியை கேட்டார். "மேம், ஹோட்டலுக்குப் போனா நான் ம... ம..." என்று பிரகதி ஆரம்பித்தாள்.

அப்புறம் சத்தமே இல்லை. கம்ப்யூட்டர் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. என் கை கதவுப் பிடிக்குப் போனது. கோகிலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஹை டென்ஷன் லைனில் ஏறும் ஆட்களைப் பிடிப்பதுபோல் ஒரு பிடி. "பேசாம நில்லுங்க" என்றாள். உள்ளே அந்த ஆசிரியையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அறுந்திருக்கவில்லை.

"நான் ம... ம...ன்னு ஆரம்பிச்சா அப்பா மசால் தோசைன்னு சொல்லிருவாருங்க மேம். எனக்கு வேணும்ங்கறது ம... மைசூர் போண்டா. ஆறு வருஷமா மசால் தோசையே தின்னுட்டு இருக்கறனுங்க."

உள்ளே சிரிப்புச் சத்தம். முதலில் சிரித்தது பிரகதிதான். ஆசிரியை பிறகுதான் சேர்ந்துகொண்டார்.

இது உனக்குத் தெரியுமா என்று கோகிலாவைக் கேட்டேன். தெரியும் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"அவ சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

மே 12, ஞாயிறு

மூவரும் ஹோட்டலுக்குப் போனோம். சர்வர் வந்து நின்றார். நான் மெனு கார்டில் ஐஸ்கிரீம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சர்வர் சிறிது நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

மைசூர் போண்டா தீர்ந்துவிட்டதாம்.

மே 20, திங்கள்

பெங்களூர் பள்ளியில் பிரகதிக்கு இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. வகுப்பு நேரத்தில் பெற்றோர் அறைக்குள் இருக்கக் கூடாது. தந்தை மட்டும், வகுப்புகள் தொடங்குமுன், பிறர் பேசும்போது கேட்டுப் பழகுதல் என்ற பயிற்சிக்கு ஒருநாள் வர வேண்டும்.

எல்லாத் தந்தைகளுக்கும் இது உண்டா என்று விசாரித்து மின்னஞ்சல் போட்டேன். இல்லையாம்.

மே 22, புதன்

சம்மதம் இன்னும் அனுப்பவில்லை. இணையம் மெதுவாக இருக்கிறது. இந்தச் சமயத்தில் ஹைதராபாத் பள்ளியின் விண்ணப்பத்தையும் நிரப்பி அனுப்பிவைத்தேன். அது மட்டும் எப்படியோ போய்விட்டது.

மே 24, வெள்ளி

காலையில் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கைபேசி சாப்பாட்டு மேஜையில் இருந்தது. ஹைதராபாத் பெண் அழைத்திருக்கிறார். கோகிலா எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். பிரகதிக்கு லாகின் தயார், வாழ்த்துகள் சார் என்று அவர் சொன்னது குளியலறை வரை கேட்டது.

பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கோகிலா கைபேசியை மேஜையில் திரும்ப வைத்தாள். பிரகதி என் கைபேசியை எடுத்தாள்.

அவள் போனில் பேசுவதே இல்லை. மணி அடித்தால் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். இன்று அவளே அந்த எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, நான் பி... பி..."

மறுபுறம் ஹலோ, ஹலோ என்று கேட்டுவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள். பிரகதி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் "பி..." வரை போனது. மறுபடியும் வைத்துவிட்டார்கள். அவள் கழுத்தில் நரம்பு தெரிந்தது. கொடு கண்ணு, நான் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"இல்லப்பா" என்றாள். அந்தச் சொல்லில் அவள் எங்கேயும் நிற்கவில்லை.

மூன்றாவது தடவை அழைத்தாள். "வெச்சுராதீங்க. லைன் நல்லாத்தான் இருக்குது. நான் திக்கித்தான் பேசுவேன், கொஞ்சம் நேரமாகும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் சொன்னதில்லை. அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அவசரப்படவில்லை.

"நான் பி... பிரகதி. எங்கப்பா அனுப்பின அப்ளிகேஷன் எனக்காகத்தான். எனக்கு உங்க ஸ்கூல் வேண்டாங்க. நான் வேற ஸ்கூல்ல சேரப் போறேன். தேங்க்ஸுங்க."

வைத்துவிட்டுக் கணினிக்குப் போய்ப் பெங்களூர் பள்ளிக்குச் சம்மதத்தை அனுப்பினாள். இணையம் வேகமாகத்தான் இருந்தது.

நான் மீதி முகத்தை ஷேவ் செய்யப் போனேன். நுரை காய்ந்துவிட்டிருந்தது. கண்ணில் கொஞ்சம் சோப்பு பட்டுவிட்டது. வெளியே வர நேரமாயிற்று.

ஜூன் 1, சனி

பயிற்சி வகுப்பில் என்னை மியூட்டில் வைத்திருந்தார்கள்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி தொடங்கியது. கதவு மதியம் வரை மூடியிருந்தது. ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த டிராயிங் இன்று முடிந்துவிட்டது. பிறகு இன்னொன்றும் முடிந்தது. அதற்கும் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மிக்ஸியைக் கழற்றி மாட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

முதல் விவாத வகுப்பு. கூடத்தில் நான் நடக்கும் சத்தம் உள்ளே கேட்கிறதாம். பிரகதி கதவைத் திறந்து, அப்பா, நீங்க வெளிய போயிட்டு வாங்க என்றாள். வெறுங்காலோடு நடக்கிறேன் என்றேன். வீட்டை விட்டு வெளியே என்று விளக்கினாள்.

பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். டீ குடித்தேன். தேங்காய் பன் சாப்பிட்டேன். இன்னொரு டீ குடித்தேன். யாராவது சிரித்திருப்பார்களோ என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். மகளுக்கு வகுப்பு நடக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கோகிலா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். பிரகதி அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, இன்னைக்கு ஒரு பையன்கூட நான் ச... ச..."

சங்கடமாப் போச்சு என்பதாக இருக்கலாம். சரியாப் பேச முடியல என்பதாகவும் இருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குக்கர் ஒரு விசில் அடித்தது. பிரகதி அவசரப்படவில்லை. கோகிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ச... சண்டை போட்டேன்" என்றாள் பிரகதி.

உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டேன். தலைப்பு, வீட்டுப்பாடம் தேவையா. மற்ற எல்லோரும் தேவையில்லை என்ற கட்சி. ஆறு வருடமாக வீட்டில் மட்டுமே பாடம் படித்த என் மகள் ஒருத்திதான் தேவை என்று பேசியிருக்கிறாள். ஓசூரில் இருந்து ஒரு பையன், கவியரசன் என்று பெயராம், நடுவில் குறுக்கிட்டிருக்கிறான். நான் முடிக்கலை என்று இவள் அவனை உட்காரவைத்திருக்கிறாள். கடைசியில் அவன் மெர்சி மேடத்திடம், இந்தப் பொண்ணு ரொம்பப் பேசுது மேம், வேற யாருக்கும் நேரமே தர மாட்டேங்குது என்று புகார் செய்திருக்கிறான்.

கோகிலா அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிரகதி சொன்னாள். எனக்கும் இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"இன்னும் முடியலப்பா" என்றாள், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே. "மேம் மணியடிச்சுட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை இருக்குது அவனுக்கு."